ஐஸ்பெட்டி

ஏழு லாச்சி, சிவப்பு, பூட்டோடு
நானூற்று முப்பது டொலர்.
மில்டூராக் கடையின் ஏசிக்குள் நின்று
ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்தேன்.
நெய்யில் வழுக்குவதுபோல் வந்தது ஒவ்வொன்றும்.
ஆசை பொல்லாதது. விரலை எடுத்துக்கொண்டேன்.

என் கராஜுக்குச் சுவரில்லை.
திராட்சைப் பந்தலுக்கும் பாதாம் தோட்டத்துக்கும் நடுவே
எவருடைய வான் மூச்சை நிறுத்துகிறதோ
அங்கே விரியும் என் தார்ப்பாய்.
காற்றே இல்லாத நாளிலும்
செம்மண் எழும்பிப் பல்லிடுக்கில் நறநறக்கும்.
அந்த லாச்சிகள் பத்து நாள் வழுக்கும்.
பதினோராம் நாள்
உள்ளே இருக்கும் குறட்டை எடுக்க
வெளியே இன்னொரு குறடு வேண்டும்.

முதலில் வைத்திருந்தது இரும்புப் பெட்டி.
தை மாதம், நாற்பத்துநாலு டிகிரி.
மூடி தொட்ட இடத்தில் தோல் தங்கிவிட்டது.
ஈரத் துணி சுற்றி
தோசைக்கல்லைத் தூக்குவதுபோல் ஸ்பனரைத் தூக்கினேன்.
பிறகு பிளாஸ்டிக். கறுப்பு, மலிவு.
இரண்டு கோடை தின்றதும் அப்பளம்.
பிறகு துணிச்சுருள்.
கமக்கட்டில் இடுக்கலாம்,
வான் வரும்வரை தலைக்கும் வைக்கலாம்.
ஆனால் ஒருநாள் விரித்தபோது
பதினாலாம் நம்பர் அறையில் குடியிருந்தது
முதுகு சிவந்த சிலந்தி, முட்டைப் பையோடு.
வாடகை கேட்கவில்லை நான்.

ஐஸ்பெட்டியை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லமுடியாது.
செமிசி வீட்டுக் குப்பைத் தொட்டியருகே
ஒரு சில்லு இல்லாமல் சாய்ந்து கிடந்தது.
"எடுத்துக்கொண்டு போ," என்றான்,
"வாய் மட்டும்தான் நல்லா மூடும். உனக்கு உதவும்."

வெயில் ஏறாத சுவர்.
தூசு நுழையாத ரப்பர் விளிம்பு.
வெள்ளை அடித்தட்டு:
எங்கே போனாலும் தொலைந்துபோகும்
பத்தாம் நம்பர் சொக்கெட்
அதில் கறுப்பு எறும்பாய்த் தெரிந்தது.
தண்ணீர் வடியும் ஓட்டை வழியே
டீசலால் கழுவிவிடலாம்.
மூடியில் உட்கார்ந்தால்
சில்லு நட்டுக்குச் சரியான உயரம்.
லாச்சி இல்லைதான்.
பால் கேன்களை அறுத்து அறை பிரித்தேன்.
துரு பிடிக்காமல் இருக்க
பழைய காலுறையில் ஒரு பிடி அரிசி.
"சோற்றுக்கு வாங்கினது," என்றாள் யோகமலர்,
"அதையும் கார் தின்னட்டும்."

வெள்ளிக்கிழமைகளில் அது ஊர்ப் பகிடியாயிற்று.
பியர் தேடித் திறக்கும் ஒவ்வொருவனும்
ஒரு கணம் வாயடைத்து நிற்பான்.
"பதினேழாம் நம்பர் குடிக்கிறியா?" என்பான் செமிசி.

பிறகு மாசி மாதத்தில் ஒருநாள்
யூஸ்டனுக்கு இப்பால் நெடுஞ்சாலை ஓரம்
தோட்டத்து மினிபஸ், பதினொரு பேர்,
ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து நின்றது.
அழைத்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன்.
நிழலென்றால் பஸ்ஸின் நிழல் மட்டும்.
நான் பெட்டியை இறக்கினேன்.
அவ்வளவு பேரும் எழும்பி வந்தார்கள்.
முன்னால் வந்தவள் புதியவள்,
உதடு வெடித்திருந்தது,
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி
இரண்டு கையாலும் மூடியைத் திறந்தாள்.

ஸ்பனர்கள்.
அவள் கோபப்படவில்லை.
மூடியை மெல்ல, மிக மெல்ல,
சாத்தினாள்.

ஹோஸ் மாற்ற இருபது நிமிடம்.
ரேடியேட்டருக்கென்று நான் கொண்டுபோன தண்ணீரை
அவர்கள் குடித்த மிச்சம் இஞ்சினுக்குப் போனது.

அன்றிரவு பெட்டியைக் கவிழ்த்து
ஒவ்வொன்றாய்க் கையில் எடுத்துப் பார்த்தேன்.
டோர்க் ரெஞ்ச் சீட்டுக்கு அடியில் போகட்டும்.
புள்ளர் இரண்டும் வீட்டில் கிடக்கட்டும்.
இரட்டையாய் இருந்த எட்டு, ஒன்பது, பன்னிரண்டை
செமிசிக்குக் கொடுத்தேன்.
பாதி காலியானது.

இப்போது அங்கே ஆறு போத்தல், இரண்டு பை ஐஸ்.
அரிசி தோற்றுவிட்டது;
கிழமைக்கொருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன்.
துரு கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.
நடுப்பகலில், கொதிக்கும் பொனற்றுக்குள் குனியுமுன்
பதின்மூன்றாம் நம்பரை வெளியே எடுத்தால்
கை ஒருகணம் வேலையை மறந்துவிடுகிறது,
அவ்வளவு குளிர்.