உப்பின் மேல் பழி

மண்டபத்தில் எது கெட்டாலும் உப்புதான் காரணம்.
ஆணி துருத்தால் உப்பு. மோட்டார் இறுகினால் உப்பு.
நைனா முகம்மதின் தம்பிக்கு விசா வராததற்கும்
உப்பைத்தான் சொன்னார்கள், பாதி விளையாட்டாய்.

ஆகவே நண்டு கம்பெனியின் சர்வர்
வாரம் மூன்று நாள் மூச்சடைத்தபோது
என்னைக் கூப்பிடவில்லை.
கேபிள் முனையை மண்ணெண்ணெயில் துடைத்தார்கள்.

நான் போனது நாலாம் வாரம்.
கச்சான் சற்றே ஓய்ந்திருந்தது.
குளிரறை வாசலில் ஒரு ஸ்டூல்,
முழங்காலில் கீபோர்டு,
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.

பிங் அடித்தேன்.
நூறு போய் நூறும் திரும்பின.
அப்புறம் நூறில் அறுபது.
அப்புறம் ஒன்றுமில்லை.
காது கேளாதவர்போல் இருந்துவிட்டு
மறுபடி, ஒன்றுமே நடக்காததுபோல், பதில்.

டிரைவரைச் சந்தேகித்தேன்.
கெர்னலைப் பழையதற்கு மாற்றினேன், புதியதற்கு மாற்றினேன்,
வேண்டாததையெல்லாம் கழித்து நானே ஒன்றைக் கட்டினேன்.
நாற்பது நிமிஷம் தன்னைத்தானே கோத்துக்கொண்டு
எழுந்த மறுநொடி
பானிக் என்று ஒரு திரை நிறையப் புலம்பி விழுந்தது.
வட்டைப் படிக்கும் துண்டையும் சேர்த்துக் கழித்திருந்தேன்;
கண்ணைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக்
கடலுக்குப் போனவன் மாதிரி.

முதலில் படித்திருக்க வேண்டியதைக்
கடைசியில் படித்தேன்.
லாகில் ஒரே வரி, ஒரு மாதமாய்:
'என் இருபத்தொன்றாம் முகவரியை
வேறொருவர் வைத்திருக்கிறார்.'
செவ்வாய், வியாழன், ஞாயிறு.
விடிகாலை ஐந்தரை.

கிழமைகளைப் பார்த்ததும் காவலாளி கருமலையான்
'போட்டு கரைக்கு வர்ற நாளுல்ல' என்றார்,
டீயை ஊதிக்கொண்டே.

இரண்டு விசைப்படகுக்கு ஒரே பதிவெண் எழுதினால்
டீசல் யாருக்கு அளப்பது?

வியாழன் விடியலில்
'இருபத்தொன்று யார்?' என்று வலைப்பின்னல் முழுக்கக் கூவினேன்.
இரண்டு பேர் 'நான்' என்றார்கள்.
ஒருவர் என் முழங்காலடியில்.
மற்றவரைத் தேடி வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
ஐஸ் உடைக்கும் கொட்டகை தாண்டி,
வலைக்குவியலின் அடியில் நுழைந்து,
நண்டு ஓடு நொறுங்க நொறுங்க,
ஜெட்டி ஓரத் தகரக் கூரை வரை.

அங்கே எடை மேடை. அதன் முதுகில் ஒரு சின்னப் பெட்டி.
ஜெனோவா கூடையை ஏற்றினாள். பதினாலு இருநூறு.
பொத்தானை அமுக்கினாள். பச்சை விளக்கு.
'பச்சை எரியுது. கணக்குல ஏறல.
நோட்டுல குத்துமதிப்பா எழுதிக்கிறாங்க.
குத்துமதிப்பு என்னைக்கும் கம்மிதான் சார்.'

பெட்டியின் உள்ளே நுழைந்தேன்.
அமைப்புக் கோப்பின் தலையில் ஒரு குறிப்பு:
தற்காலிகம். நாளை மாற்றவும்.
கீழே என் முதலெழுத்து.

தடைக்காலம். படகு இல்லை, நண்டு இல்லை, சோதிக்க எடை இல்லை.
ராமநாதபுரம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
சர்வரின் அமைப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டு ஓடினேன்.
அந்த நாளை ஐம்பது நாளாகியும் வரவில்லை.

ஒன்றை அழித்து இரண்டு போட்டேன்.
இருபத்திரண்டு.
உள்ளே திரையில் ஜெனோவாவின் கூடை ஏறியது.

'உப்புதானே?' என்றார் நைனா முகம்மது.
'இல்ல. நான்' என்றேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
அவள் பார்க்கவில்லை:
'அப்ப அந்த ஒரு மாசம்?'

ஒரு மாசமும் பெட்டியிலேயே இருந்தது.
இருபத்தொன்றுக்கு அனுப்பச் சொன்னேன்;
இருபத்தொன்று தானே என்று
தனக்கே அனுப்பி, தானே வாங்கி,
ஒன்றுவிடாமல் அடுக்கி வைத்திருந்தது.
பதினொரு பக்கம் அச்செடுத்தேன்.
ஒன்பது எழுநூற்றைம்பது. பன்னிரண்டு நானூறு.
மழை நாளில் மூன்று நூறு.

நைனா முகம்மது நோட்டைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு
கால்குலேட்டரைத் தட்டினார்.
சமக்குறி இறுகிக் கிடந்தது.
இன்னொரு தடவை தட்டினார்.
யாரும் காரணம் சொல்லவில்லை.