சலவைக் கணக்கு

ருக்லா படைமுகாமின் பின்வாசலுக்கு எதிரே
என் சலவைக்கடை.
ஆறு எந்திரங்கள். மூன்றாவது மட்டும்
சுழலும்போது இடத்தைவிட்டு நகரும்.

ஜெர்மன்காரர்கள் பையில் பெயர் எழுதித் தருவார்கள்.
நார்வேக்காரர்களின் காலுறையில் ஆட்டு மணம் போகவே போகாது.
டச்சுப் பையன் ஒருவன்
சட்டைப்பையில் மறந்த சாவிக்கு இரண்டுமுறை வந்தான்.

"இவர்கள் நிற்பார்களா, டாங்குவோலே?"
ரொட்டி வரிசையில் கேட்கிறார்கள்,
அழுக்கோடு ரகசியமும் என்னிடம் வருகிற மாதிரி.

ஒப்பந்தத்தை நானும் வாசித்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு.
ஒருவரை அடித்தால் எல்லோரையும் அடித்ததாம். நல்லது.
அதற்குக் கீழே,
தேவையென்று கருதுவதை ஒவ்வொருவரும் செய்வார்களாம்.
அந்தக் 'கருதுவது' வழியாக
ஒரு டாங்கிப்படை வரலாம்.
ஓர் அனுதாபக் கடிதமும் வரலாம்.

விட்மாண்டஸின் பழைய பட்டாளத் தோழன் ஹ்ராச்சிக்
ஆர்மீனியாவில், ஜெர்முக்கில் இருக்கிறான்.
அவன் நாட்டுக்கும் கூட்டணி இருந்தது,
முத்திரை, கொடி, வருஷா வருஷம் விருந்து.
மலையில் குண்டு விழுந்தபோது கூப்பிட்டார்கள்.
வந்தவர்கள் குறிப்பேட்டோடு வந்தார்கள்,
பள்ளத்தை அளந்தார்கள், கவலை தெரிவித்தார்கள்.
"எங்கள் காபி பிடித்திருந்ததாம்"
என்று ஹ்ராச்சிக் போனில் சிரித்தான்,
வெகுநேரம், சிரிப்பு மாதிரியே இல்லாமல்.

என் அம்மாவின் சித்தப்பா
காட்டுக்குழியில் ஐந்து குளிர்காலம்
ரேடியோவில் காதை வைத்துக் கிடந்தார்,
கடலில் கப்பல் தெரியுமென்று.
அவருக்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.
வார்த்தை மட்டும் வந்தது, நல்ல உச்சரிப்பில்.

அதனால் நான் துணியைப் பார்க்கிறேன்.
மெல்லிய சட்டையோடு வந்தவன் விருந்தாளி.
கம்பளிக்கோட்டின் பித்தானைத் தைக்கக் கொடுப்பவன்
பனியை எதிர்பார்க்கிறான்.
போன மாதம் ஒருத்தி வந்தாள்,
ஜெர்மன் சார்ஜெண்டின் மனைவி,
கையில் குழந்தைப் போர்வை, அதில் காய்ந்த பால்.
மூத்தவளை எங்கள் பள்ளியில்
ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்றாம்.

கடை பூட்டுமுன் விட்மாண்டஸிடம் சொன்னேன்:
டாங்கியை ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேற்றிவிடலாம்.
பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்த பிள்ளையை
இழுத்துக்கொண்டு ஓடினால் ஊர் பார்க்கும்.

அவன் விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டான்:
"அவர்கள் எல்லை எரிந்தால்
நம் அவுரிமாஸ் போவானா?
நீ அனுப்புவாயா?"

மூன்றாம் எந்திரம் அதற்குள் கதவுவரை நகர்ந்திருந்தது.
எழுந்துபோய்
இடுப்பால் முட்டுக்கொடுத்து நின்றேன்,
சுற்று முடிகிறவரை.