மரத்துப்போதல்

புக்கிட் மேரா பலதுறை மருந்தகத்தில்
எனக்கு மூன்றாம் முகப்பு.
காலை முதல் சர்க்கரை மாத்திரைதான் எண்ணுகிறேன்,
ஐந்நூறு மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று,
சாப்பிட்டபின் என்று சொல்லவேண்டும்.
சொல்ல முடியவில்லை.
நாக்கின் ஓரத்தில் நான்கு நாளாக ஒரு புண்.
விரல்களைக் காட்டி ஊமைக்கூத்து நடத்துகிறேன்.

வெளியே ரம்பம் நின்றது.
நேற்றைய சுமத்ரா காற்றில் முறிந்த அங்சானா
கார்ப்பேட்டையை அடைத்துக் கிடக்கிறது.
ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர்
முழங்கைவரை சிவப்பாக நிற்கிறார்.
பஞ்சும் துணிச்சுருளும் அள்ளிக்கொண்டு ஓடினேன்,
வரிசையில் நாற்பத்தேழாம் எண் என்னை முறைக்க.

"எனக்கு ஒன்றுமில்லை மிஸ்ஸி,"
சட்டையில் சுல்கிஃப்லி என்றிருந்தவர் சிரித்தார்,
"அடி மரத்துக்கு."
வெட்டிய வட்டத்தின் விளிம்பிலிருந்து
ஊறிக்கொண்டிருந்தது,
ரத்தத்தைவிட மெதுவாக.

வேங்கை.
பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது:
பாறைமேல் பூ உதிர்ந்தால் புலிக்குட்டி படுத்ததுபோல்,
'புலி, புலி' என்று பெண்கள் கத்தினால்
பூப்பறிக்கக் கிளை தாழுமாம்.
இது அந்த வேங்கை இல்லை, கடல் தாண்டிய பங்காளி.
சிங்கத்தின் பெயர் வைத்த ஊரில்
பேருந்து நிறுத்தம்தோறும் ஒரு புலி நிற்கிறது,
யாரும் கத்துவதில்லை.
அந்த வேங்கையைக் குடைந்த குவளையில்
இரவெல்லாம் தண்ணீர் ஊறவைத்து
விடிந்ததும் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்பார்கள்.
நம்புவதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

நான் கன்னத்தைப் பொத்தியிருந்ததை
அவர் பார்த்துவிட்டார்.
"வாய்ப்புண்ணா? எங்கள் அம்மா இதைத்தான் தடவுவார்.
அரைநாள் அழமாட்டோம்,
பேசவும் மாட்டோம், அதுதான் அவருக்கு லாபம்."

மருந்து கொடுப்பவள் செய்யக்கூடாத காரியம்:
சுண்டுவிரலால் தொட்டு வைத்தேன்.
துவர்ப்பு.
கடுக்காயும் பச்சைப்பாக்கும் சேர்த்துக் கடித்ததுபோல்
வாய் தன்னையே உள்ளே இழுத்துக்கொண்டது.
ஆறுமா, தெரியாது.
நாக்கு மரத்துப்போனது.
தமிழில் அதற்கு அந்தச் சொல்தான் இருக்கிறது.

ஒரு துளியைக் காலிப் புட்டியில் எடுத்து வந்தேன்,
காலணியில் ஒட்டிக்கொண்டு
காசு மாதிரி ஒரு வட்டக் காயும் வந்தது.
பழக்கதோஷம், சீட்டு அச்சடிக்கப் போனேன்.
மருந்து: வேங்கை.
நோயாளி: மரம். அழித்துவிட்டு, நான்.
வேளை: முறியும்போது.
காலாவதி தேதி கேட்டு
இயந்திரம் கண்சிமிட்டியபடி காத்திருந்தது.

நாற்பத்தேழாம் எண் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார்.
மாத்திரையை நீட்டி, முதன்முறையாக இன்று
வாய் திறந்தேன்.
"சாப்பித்தபின்."
என்ன, என்றார்.
என் பற்களைப் பார்த்தபின்
கேள்வியை விட்டுவிட்டு
நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.