இருட்டாத வாரக்கடைசி

வெள்ளி: துர்க்கு, படகு மேடை.
சனி: குவோப்பியோ ஏரித் திருவிழா, பகல் இரண்டு மணி.
ஞாயிறு: ரோவனியெமி. பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
வேன் கண்ணாடியில் ஹில்க்கா ஒட்டிய தாள்.
கம்பெனி என்றால் அவள்தான்.
நான் வண்டியோட்டி, இசைத்தட்டு விற்பவன்,
சமயத்தில் கூட்டமும்.

படகில் வெய்க்கோ அக்கார்டியனை விரித்தான்.
அலை தூக்கத் தாளம் ஒருபக்கம் சாய்ந்தது.
முன்வரிசையில் ஒருவர் வாந்தியெடுத்தார்;
மற்றபடி நல்ல கைதட்டல்.

சைமா பாடத் தொடங்கியபோது
ஊரே மீன்ரொட்டி வரிசையில் நின்றது.
அவளும் வரிசையைப் பார்த்தே பாடினாள்.
நகர நகர ஒவ்வொரு முகமாய்
அவள் பக்கம் திரும்பி
ரொட்டிக்குப் போனது.
விற்றது நான்கு தட்டு. ஒன்று திரும்பி வந்தது,
வெயிலில் அப்பளமாய் வளைந்து.

ரோவனியெமியில் மேடை இருந்தது.
வாடகை விளக்குகள் நாற்பது
இரவு பதினொன்றுக்கும் இறங்காத சூரியனுக்கு
டார்ச் அடித்துக்கொண்டிருந்தன.
இசைக்குழுதான் இல்லை:
வழியில், ஒரு பெட்ரோல் பங்க்கில்,
சண்டை போட்டுக் கலைந்துவிட்டதாம்.

ஹில்க்கா மைக்கருகே போய்
"இன்று கச்சேரி கிடையாது" என்றாள்.
ஆற்றின் அக்கரையில் பட்டுக் குரல் திரும்பியது,
கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் அழகாக.
பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்:
"இன்னொரு முறை!"

சொன்னாள்.