இருவர் சேர்ந்து

எட்டாம் இலக்க ட்ராமில் அவனைத் தேடினேன்.
முன் பெட்டியிலும் இல்லை, பின் பெட்டியிலும் இல்லை.
துறைமுகத்துச் சைலோக்கள் ஒருமுறை எட்டிப் பார்த்தன.
பிறகு எல்லை:
ஆளில்லாத சுங்கச் சாவடி,
மலிவு இறைச்சிக்குப் போகிறவர்களின் மடித்த பைகள்.
வைல் நகரில் இறங்கினால்
நொத்தாரிசின் வாசலில் முதலே நிற்கிறான் குகப்பிரியன்,
தலை கூட நனையாமல்.

பதினொரு மாதமாய்க் கதையில்லை எங்களுக்குள்.
வங்கிகளின் கண்ணாடி அவனுக்கு,
பல் வைத்தியர்களின் தரை எனக்கு.
வானின் திறப்பு சீற்றுக்கடியில் இருக்கும்,
பக்கத்தில் ஒரு துண்டு: 'டீசல் இல்லை.'
அவ்வளவுதான் கடிதப் போக்குவரத்து.

ஆனால் பாசல் பதிவேட்டில் எங்கள் பெயருக்கு நேரே
இன்னும் கிடக்கிறது அந்த வரி:
இருவர் சேர்ந்து ஒப்பமிட்டால் மட்டும் செல்லும்.
கேட்டு எழுதுவித்ததே நாங்கள்தான்.
அந்தக் காலத்தில் ஒரு சிகரெட்டையும்
இரண்டாய் முறித்த ஆட்கள்.

ஆற்றோரம் ஐந்து மாடி அலுவலகம், முழுக்கக் கண்ணாடி.
அதைத் துடைக்க வேண்டுமென்றால்
எங்கள் சுவிஸ் கம்பனி
ஜெர்மனியிலும் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கெம்ப்ஃ அம்மா கமாவையும் விடாமல் வாசிக்கிறார்.
தலைமையகம்? பாசல்.
நோக்கம்?
கட்டடங்களைத் துப்பரவு செய்தலும்
அதைச் சார்ந்த ஏனைய அலுவல்களும்.
(அந்த ஏனைய அலுவல்களில்தான்
எட்டாயிரம் பிராங்க் காணாமல் போனது.
அது பத்திரத்தில் இல்லை.)
இங்கே கம்பனிக்குக் கடிதம் வந்தால்
வாங்குவது யார்?

நான் கூரையைப் பார்த்தேன்.
"நான்" என்றான் அவன்.
"போன தையிலிருந்து இங்கதான் இருக்கிறன்."
தெருவின் பெயர் சொன்னான். மூன்றாம் மாடி.
தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருக்கிறதா?
"ஓம். என்ர மட்டும்."

அம்மா அதை ஒரு எண்ணைப் போலக் குறித்துக்கொண்டார்.
வாணிலாவின் பெயர் எந்தப் பெட்டியில் இப்போது?
பெண் எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவன் நான்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
ஒரு படிவம் சொல்கிறது.

ஒப்பமிட்டோம். அவன் பேனை எழுதவில்லை,
என்னுடையதைத் தள்ளினேன்.
மிச்சத்தை ஃப்ரைபுர்க் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளுமாம்,
இரண்டு மூன்று கிழமை.

தரிப்பிடம் வரைக்கும் வந்தான்.
ஏறவேண்டியவன் நான் மட்டும்.
ட்ராம் வர நாலு நிமிடம் என்றது பலகை.
நாலும் மூன்றாகி, இரண்டாகி,

"அந்த அஞ்சு மாடிக்கு
எங்கட ஏணி காணாது" என்றேன்.

"காணாதுதான்" என்றான்.