கைமடி

ஒண்ணிலிருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க,
போன வாரம் எப்படி இருந்தீங்கன்னு கேட்டியே அம்மணி,
ஏழுன்னு சொன்னன்.
எனக்குப் பின்னால இருபது பேர் நின்னாங்க.
உன் கையில இருந்த பேடுல சார்ஜும் கம்மி.
திருப்பூர் வண்டி மூணே முக்காலுக்கு.

ஏழுன்னா என்னன்னு இப்பச் சொல்றன்.

நாலு வருசத்துக்கு முந்தி நான் ஓவர்லாக் டெய்லர்.
துளசிமணின்னா அனுப்பர்பாளையத்துல
மூணு கம்பெனிக்குத் தெரியும்.
இப்பக் கைமடி.
டெய்லர் தைச்சுத் தள்றதை எடுத்துப்
பிசிறு வெட்டி, மடிச்சு,
பன்னெண்டு பன்னெண்டாக் கட்டி வெக்கற வேலை.
பதினேழு வயசுல உள்ள நுழைஞ்சப்பப் பாத்த அதே வேலை.
மடிக்கறதுக்கும் கை வேணுமே.
காலையில சுத்தற ரப்பர் வளையல்
சாயங்காலம் ஆறு மணிக்குச் சதையில புதைஞ்சு கெடக்கும்.

அட்டையைக் குறை சொல்ல மாட்டன்.
அறுத்தது, கரண்ட் வெச்சது, முடி கொட்டின ஊசி,
ஒத்தப் பைசா கேக்கலை.
ஆனா அது தையல் பிரிக்கற நாளோட நின்னுபோச்சு.
தைச்சது தைச்ச எடத்துலயே நிக்குமா,
இழுக்கும், சுருங்கும்,
எந்த டெய்லரைக் கேட்டாலும் சொல்லுவா.

அட்டைக்காரங்க வரிசையும் பணம் கட்டறவங்க வரிசையும்
ஸ்கேன் ரூம் வாசல்ல மட்டும் ஒண்ணாகும்.
அங்கதான் சுகந்தா மேடத்தைப் பாத்தது, ரேஸ்கோர்ஸ்காரங்க.
ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம், ஒரே மாசம், ஒரே டாக்டர் கத்தி.
அவங்க கைக்குத் தோள் வரைக்கும் ஒரு உறை.
ஒண்ணு துவைச்சா ஒண்ணு இருக்குதாம்.
வாரம் ரெண்டு நாள் ஒரு பொண்ணு வீட்டுக்கே வந்து
கையை நீவி உடுதாம்.
நல்ல மனுசி.
என் கையைத் தொட்டுப் பாத்து,
ஏங்க இப்படி உட்டுட்டீங்கன்னாங்க.

உட்டனா?
ரிப் துணியில நானே ஒரு உறை தைச்சன்.
மணிக்கட்டுல இறுக்கி வெரலெல்லாம் நீலமாப் போச்சு.
இருபத்திரண்டு வருசத் தையல்ல
அளவு தப்பினது அது ஒண்ணுதான்.

சரி, நீ கேட்டது போன வாரம்.

கம்பெனிக்குப் புது ஆர்டர், வெளிநாட்டுக்கு.
பொம்பளைங்க உள்பாடி, உள்ளுக்குள்ள ஒரு பை.
வலதுல பை ஒரு லாட், இடதுல பை ஒரு லாட்.
செல்லு வெக்கவான்னு கேட்டான் அயர்ன்காரன்.
சீட்டுக் காசு வெக்கன்னா தவமணி.
லைனே சிரிச்சுது. நானும் சிரிச்சன்.
கர்ப்பப்பை ஆபரேசன்னு சொல்லித்தான்
நான் திரும்ப வேலைக்குச் சேந்தது.

என்னுதுக்குள்ள கட்டிங் வேஸ்ட்டைச் சுருட்டி வெச்சிருக்கன்.
ஓடிப்போய் பஸ் ஏறுனா கழுத்துக்கு வந்துரும்.

அந்தப் பையைத் திருப்பிப் பிசிறெடுக்க
உள்ள கை உடணும்.
மெத்துன்னு இருக்குது.
ஓரத்தையல் மட்டும் தப்பான எடத்துல,
சரியாத் தழும்பு மேல உரசும்.
அரை இஞ்ச் கீழ எறக்கச் சொல்லு தம்பீன்னன்.
சாம்பிள் அப்ரூவ் ஆனதுங்க்கா,
உங்களுக்கு எப்படித் தெரியும்ன்னான் சூப்பர்வைசர்.
பேசாம மடிச்சன்.
நெறம்கூட அவங்க ஊருத் தோல் நெறம்.

வலது லாட் பொட்டிக்குள்ள போயிருச்சு. இப்ப இடது ஓடுது.
நல்ல பீஸ் கணக்குத் தப்பாது.
ஓட்டை விழுந்தது, கறை பட்டது மட்டும்
காதர்பேட்டைக்கு எடைக்குப் போகும்.
அதுல ஒண்ணைக் கேட்டாக் குடுப்பாங்க.

ஆயில் கசியற மிசின் எதுன்னு எனக்குத் தெரியும்.
மூணாவது லைன், கடைசிக்கு முந்தினது.
திங்கக்கிழமையிலிருந்து
அதுக்கு அடியில போற ஒவ்வொரு பையையும்
பாத்துட்டே நிக்கறன் அம்மணி.

சொட்டு தொங்குது.
உழுக மாட்டீங்குது.