எடுத்துக் கொடுப்பவள்

செயலாளர் மூன்று பெயரையும்
இறந்த திகதி வரிசையில் வாசித்தார்.
மேடைக்கு வரும் வரிசை அதுவல்ல.
முதலில் யோகமலர் அக்கா வரவேண்டும்,
இடப்பக்கத் திரையால்,
விளக்கு வர முதல்.

பதாகையில் அவவுக்கு மீசை.
ஒப்பனை இல்லாத படம் ஒன்று
கச்சேரி அடையாள அட்டையில் இருந்ததாம்,
பெரிதாக்கினால் முகம் கலைகிறதாம்.
ஆகையால் அரசனாகவே நிற்கிறா.
இரு பக்கமும் கெங்காதரன் மாஸ்டரும்
லாபீர் நானாவும்,
சம்பளம் வராத மந்திரிகள் போல.

எனக்குப் பேசத் தெரியாது என்றேன்.
இருபத்தாறு வருடம் பேசியிருக்கிறேன்,
எல்லாம் மற்றவர்களுடைய வாய்க்கு.
திரை மடிப்புக்குள், முக்காலியில்,
டோர்ச் வெளிச்சத்தைச் சீலைத் தலைப்பால் மூடி
பிரதியில் விரல் வைத்து.

ஐந்து மணிக்கு ஊரடங்கு என்றால்
இரண்டு மணிக்கு நாடகம்.
யன்னல்களுக்குச் சாக்கு அடித்து
இரவு செய்வோம்.
சாக்கு லாபீர் நானாவின் ஐஸ் வாடியிலிருந்து வரும்.
எங்கள் இரவுகளில் எப்போதும்
கொஞ்சம் பாரைமீன் மணந்தது.
மூதூர் லாஞ்ச் பிடிக்கிறவர்கள்
கடைசிக் காட்சிக்கு முன்பே எழும்பிவிடுவார்கள்.
அவர்களுக்காகவே மாஸ்டர்
கொலையை மூன்றாம் காட்சிக்குக் கொண்டுவந்தார்.
“காசு குடுத்தவன் சாவைப் பாத்திட்டுப் போகட்டும்.”

கடைசிப் பக்கத்தை அவர் முன்கூட்டி எழுதியதே இல்லை.
மேடையேற்றும் நாள் காலை
உப்புவெளி பஸ்ஸிலிருந்து இறங்குவார்,
டிக்கெட்டுகளின் பின்பக்கம் முடிவோடு.
ஆஸ்பத்திரியில் கேட்டேன்,
புது நாடகம் எப்படி முடிகிறது என்று.
“பஸ் வரட்டும்” என்றார்.

ஓர்ஸ் ஹில் சோதனைச்சாவடியில் ஒருநாள்
எங்கள் வாளைப் பறித்தார்கள்.
பற்றுச்சீட்டு எழுதினார்கள், சிங்களத்தில், கவனமாக:
மரவாள் ஒன்று.
லாபீர் நானா நாலுதரம் போனார்.
நாலாந்தரம் சாவடியே இல்லை,
அந்த இடத்தில் ஒரு கொய்யாப்பழக்காரி.
அரைக் கிலோ வாங்கி வந்து
ஒப்பனை மேசையில் வைத்தார்:
“வாளுக்குப் பதிலா இதைத்தான் தந்தாங்க.”
வாளுக்கும் கொய்யாவுக்கும்
ஒரே கணக்குக் கொப்பி, ஒரே பக்கம்.
நட்டம் எவ்வளவு என்று கேட்டால்
“ஐஸ் விக்கிறவனுக்கு உருகுறது புதுசா?”
பற்றுச்சீட்டு இன்னும் என் பிரதிக்குள் இருக்கிறது,
விட்ட பக்கத்துக்கு அடையாளமாய்.

யோகமலர் அக்கா ஒரே இடத்தில் மறப்பா.
“இந்தக் கோட்டைக்கு எத்தனை வாசல்?”
அதற்கு முன் ஒரு மூச்சு நிற்பா.
நான் எடுத்துக் கொடுப்பேன்.
பதினேழு மேடை. பதினேழு தரமும்.
ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.
பசை காய்ந்த மீசையைப் பிய்த்தபடி
கண்ணாடியைப் பார்த்துச் சொன்னா:
“நான் மறக்கேல்லயடி.
இருட்டுக்குள்ள நீ இருக்கிறியோ எண்டு பாக்கிறனான்.”

மௌன அஞ்சலி, இரண்டு நிமிடம்.
எழுந்தோம்.
மின்விசிறி சுற்றும் சத்தம்.
உட்துறைமுகத்தில் எதுவோ ஒரு கப்பல் ஊதியது.
பக்க வாசலில் தெருமான் ஒன்று
தோரணத்துக் குருத்தோலையை இழுத்துக்கொண்டிருந்தது,
விரட்ட யாரும் அசையவில்லை.
ஒரு மூச்சு.
இரண்டு.
மூன்றுக்கு மேல் போனால்
சபைக்குத் தெரிந்துவிடும்.
விரல் தானாக மடியில் வரியைத் தேடியது.
வாய் திறந்துவிட்டது:
இந்தக் கோட்டைக்கு எத்தனை வாசல்?

முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.
பதில் சொல்லவேண்டிய ஒற்றன்
ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிறான்,
அங்கே இப்போது விடியவில்லை.
அவனுடைய வரியையும் நானே சொன்னேன்,
இன்னும் மெதுவாக:
ஒன்றுதான், அரசே.
மற்றதெல்லாம் சீலையில் கீறியது.

அமரலாம் என்றார் செயலாளர்.